படத்தோடு சேர்ந்து பேசும் அந்தக் குரலை நிறுத்துவது எப்படி?

‘அம்மா வீட்டு டிவியில் நெட்ஃபிளிக்ஸில் ஆங்கிலத் தொடர் போட்டால், நடிகர்கள் பேசாத இடங்களில் எல்லாம் ஓர் ஆண் குரல் நுழைந்து, அவள் கதவைத் திறக்கிறாள், ஜன்னல் பக்கம் பார்க்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போகிறது. சப்டைட்டிலை அணைத்தேன், ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், ஒரு ராத்திரி முழுக்க பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். குரல் போகவில்லை. டிவி கெட்டுவிட்டது என்கிறார் அம்மா’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிவி கெடவில்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஆளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டிய வேலையும் இல்லை. நீங்கள் கேட்பது ஆடியோ டிஸ்கிரிப்ஷன். தமிழில் ஒலி விவரிப்பு என்கிறோம். கண் தெரியாதவர்களும் பார்வை மங்கியவர்களும் படத்தைப் பின்தொடர்வதற்காக, திரையில் நடப்பதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லும் தனி ஒலித்தடம் அது. உங்கள் டிவியில் அந்தத் தடம் தேர்வாகி இருக்கிறது, அவ்வளவுதான். மாற்ற அரை நிமிடம் போதும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்துவிடுங்கள். டிவியில் கேட்கும் வேண்டாத குரல்கள் எல்லாம் ஒன்றல்ல. தவறான இடத்தில் போய் அணைத்தால், உங்களைப் போலத்தான், எத்தனை முறை அணைத்தாலும் திரும்ப வரும். படம் ஓடும்போது நிறுத்திவிட்டு, ரிமோட்டின் அம்புக்குறிகளை மேலே கீழே அழுத்திப் பாருங்கள். நீங்கள் போகும் ஒவ்வொரு பொத்தானின் பெயரையும் குரல் வாசித்தால், அது திரைவாசிப்பான். டிவியின் வேலை. படத்தை நிறுத்தியதும் குரலும் நின்று, ஓடவிட்டதும் மறுபடி வந்தால், அது படத்தின் ஒலியிலேயே கலந்த விவரிப்பு. உங்கள் வர்ணனையைப் பார்த்தால் இது இரண்டாவது வகைதான். இருந்தாலும் செய்து பாருங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும் வீடுகளும் உண்டு.

சரி, அணைப்பதற்கு வருவோம். தொடரை ஓடவிட்டு, ரிமோட்டில் கீழ் அம்புக்குறியையோ நடுப் பொத்தானையோ அழுத்துங்கள். கீழே ஒரு வரிசை தோன்றும். அதில் பேச்சுக் குமிழி போன்ற படத்தோடு ஆடியோ, சப்டைட்டில் என்று இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஆடியோ பட்டியலில் ‘இங்கிலீஷ் – ஆடியோ டிஸ்கிரிப்ஷன்’ என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் இருக்கும். அதை விட்டுவிட்டு வெறும் ‘இங்கிலீஷ்’ அல்லது ‘இங்கிலீஷ் ஒரிஜினல்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நொடி ஒலி நின்று மறுபடி வரும். பேச்சே இல்லாத காட்சி ஒன்று வரும்வரை பொறுத்திருந்து கேளுங்கள். குரல் வரவில்லையென்றால் வேலை முடிந்தது. உடனே வெளியே வராமல், இரண்டு நிமிடம் ஓடவிட்டுவிட்டு வெளியேறுங்கள். அடுத்த அத்தியாயத்தைப் போட்டு அங்கேயும் ஒரு தடவை சரிபாருங்கள்.

இந்தப் பட்டியல் இரண்டு பத்திகளாக இருக்கும்: ஒரு பக்கம் ஆடியோ, இன்னொரு பக்கம் சப்டைட்டில். நீங்கள் இதுவரை சப்டைட்டில் பக்கத்தில்தான் தேடியிருக்கிறீர்கள். பலரும் அங்கேதான் தேடுகிறார்கள். விவரிப்பு என்றதும் அது சப்டைட்டிலைச் சேர்ந்ததாக மனசு எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது இருப்பது மொழிகளோடு: ஆங்கிலம், இந்தி, தமிழ், அப்புறம் ஆங்கில விவரிப்பு.

ஆப்பை அழித்துப் போட்டும் ஏன் போகவில்லை என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். எந்த ஒலித்தடம் வேண்டும் என்று கடைசியாகத் தேர்ந்தெடுத்ததை நெட்ஃபிளிக்ஸ் உங்கள் புரொஃபைலோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. புரொஃபைல் இருப்பது உங்கள் கணக்கில், டிவிக்குள் அல்ல. ஆப்பை அழித்தாலும், பிளக்கைப் பிடுங்கினாலும், ஏன், புது டிவியே வாங்கி மாட்டினாலும், அதே கணக்கில் அதே புரொஃபைலில் நுழைந்தால் பழைய தேர்வு கூடவே வந்துவிடும். போனில் யாரோ தட்டியது டிவியில் பேசுவதும் இதனால்தான்.

குரலை மட்டும் தனியாகக் குறைக்க முடியுமா என்று சிலர் டிவியின் ஒலி அமைப்புகளுக்குள் போய், பேச்சைத் தெளிவாக்கும் வசதி, பாஸ், ட்ரெபிள் என்று எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். பலன் இருக்காது. ஸ்ட்ரீமிங்கில் இந்த விவரிப்பு தனியாக வந்து படத்தின் ஒலிமேல் உட்காருவதில்லை. வசனம், இசை, சத்தம், விவரிப்பாளரின் குரல் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒன்றாகக் கலந்து முழுத் தடமாகவே அனுப்புகிறார்கள். கவனித்துக் கேட்டால், அந்தக் குரல் பேசும்போது பின்னணி இசை கொஞ்சம் தணிந்து, முடிந்ததும் மறுபடி எழும்புவது தெரியும். கலந்த பாலையும் டிகாஷனையும் பிரிக்க முடியாது. வேறு டம்ளரை எடுக்க வேண்டியதுதான்.

இப்போது சிக்கலான இடம். மேலே சொன்னபடி மாற்றுகிறீர்கள், சரியாகிறது, மறுநாள் வேறு படம் போட்டால் மறுபடி குரல். அப்படி நடந்தால் கோளாறு ஆப்பில் இல்லாமல், கருவியின் அமைப்புகளில் இருக்கலாம். ஒவ்வொரு ஒலித்தடத்துக்கும் அது எந்த மொழி, அது பார்வையற்றோருக்கான விவரிப்பா இல்லையா என்று ஓர் அடையாளக் குறிப்பு உண்டு. டிவியிலோ போனிலோ ‘விவரிப்பு இருந்தால் அதையே போடு’ என்ற விருப்பத்தை இயக்கி வைத்திருந்தால், அந்தக் கருவி ஒவ்வொரு படத்திலும் அந்தக் குறிப்பைத் தேடிப் பிடித்துப் போட்டுவிடக்கூடும். நீங்கள் படத்துக்குப் படம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதை அணைக்க வேண்டிய இடம் பெரும்பாலான கருவிகளில் ஆக்சஸிபிலிட்டி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள், என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. ஐபோனிலும் ஆப்பிள் டிவியிலும் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஆடியோ டிஸ்கிரிப்ஷன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். ஆண்ட்ராய்டு போனில் 13-ஆம் பதிப்பிலிருந்து செட்டிங்ஸின் ஆக்சஸிபிலிட்டிக்குள் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்று தனி வரியே வந்துவிட்டது. கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி மென்பொருளில் ஓடும் டிவிகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்சஸிபிலிட்டி. சாம்சங், எல்ஜி டிவிகளில் செட்டிங்ஸில் ஜெனரல் என்ற பகுதிக்குள் ஆக்சஸிபிலிட்டி இருக்கும். மாடலுக்கு மாடல் ஒரு படி முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைத்துவிடும். உள்ளே ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்ற வரி ‘ஆன்’ என்று இருந்தால் ‘ஆஃப்’ ஆக்குங்கள். பக்கத்திலேயே வாய்ஸ் கைடு, ஆடியோ கைடன்ஸ், டாக்பேக் போன்ற பெயர்களும் தெரியும். அவை திரைவாசிப்பான்கள். அவற்றைத் தெரியாமல் இயக்கிவிடாதீர்கள். ஒரு குரலை நிறுத்தப் போய் இன்னொன்றை ஆரம்பித்து வைத்த கதை பல வீடுகளில் உண்டு.

அந்தத் திரைவாசிப்பான் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதே சந்தேகத்தோடு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் பிரச்சினை அதுதான். ரிமோட்டில் சில பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாலோ, ஒன்றையே நீண்ட நேரம் அழுத்தினாலோ அது இயங்கும்படி வைத்திருப்பார்கள். கண் தெரியாதவர் மெனுவைப் பார்த்துத் தேட முடியாது அல்லவா, அவருக்காக வைத்த குறுக்குவழி அது. குழந்தை ரிமோட்டோடு விளையாடினாலோ, சோபா இடுக்கில் ரிமோட் சிக்கினாலோ தானாக இயங்கிவிடுகிறது. எந்த வழியில் வந்ததோ அதே வழியில் அதை அனுப்பலாம். ஃபயர் டிவியில் பேக் பொத்தானையும் மூன்று கோடு போட்ட மெனு பொத்தானையும் சேர்த்து இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் வாய்ஸ்வியூ நிற்கும். ஆண்ட்ராய்டு டிவிகள் பலவற்றில் பேக் பொத்தானையும் கீழ் அம்புக்குறியையும் சேர்த்து மூன்று நொடி. புதிய சாம்சங் ரிமோட்டில் வால்யூம் பொத்தானை உள்ளே அழுத்திப் பிடித்தால் ஆக்சஸிபிலிட்டி வசதிகளின் பட்டியல் வரும், அதில் வாய்ஸ் கைடை அணைக்கலாம். டிவியில் மாட்டி ஸ்ட்ரீமிங் பார்க்கும் ரோக்கு பெட்டி வைத்திருக்கும் வெளிநாட்டு உறவினர்களுக்கு: நட்சத்திரப் பொத்தானை வேகமாக நான்கு முறை தட்டச் சொல்லுங்கள். ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை தட்டுவது பல போன்களில் வாய்ஸ்ஓவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் கணினியில் படம் பார்க்கும்போது குரல் வாசித்தால், விண்டோஸ் பொத்தான், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நரேட்டர் அடங்கிவிடும்.

மற்ற சேவைகளிலும் கதை கிட்டத்தட்ட இதேதான். பிரைம் வீடியோவில் படம் ஓடும்போது சப்டைட்டில், ஆடியோ பட்டியலைத் திறந்தால் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்று அடைப்புக்குறிக்குள் போட்ட வரி தனியாக இருக்கும். அங்கே டயலாக் பூஸ்ட் என்றும் சில வரிகள் இருக்கலாம். அது 2023-இல் வந்தது, வசனத்தை மட்டும் தூக்கிக் காட்டும் தடம். விவரிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம், வயதானவர்களுக்கு உண்மையில் நல்ல வசதி. யூடியூபில் வேறொரு குரல் வரும்: வீடியோவில் பேசுகிறவர் ஒரு மொழியில் வாயசைக்க, இயந்திரக் குரல் இன்னொரு மொழியில் பேசும். அது தானியங்கி டப்பிங். பல்சக்கர அடையாளத்தைத் தட்டி, ஆடியோ ட்ராக் என்ற வரியில் ஒரிஜினல் என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். போனில் டவுன்லோடு செய்து வைத்த படமென்றால், பதிவிறக்கும்போது வந்த தடங்கள் மட்டும்தான் உள்ளே இருக்கும். பட்டியலில் சாதாரண ஆங்கிலமே இல்லையென்றால், அழித்துவிட்டு, இணையத்தில் ஓடும்போதே தடத்தை மாற்றிக்கொண்டு, பிறகு மறுபடி இறக்குங்கள்.

இனி நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் குரல் வர ஆரம்பித்த நாட்களில் அம்மா வீட்டுக்கு யாராவது வந்து தங்கியிருந்தார்களா? இல்லை, கணக்கை வேறு யாராவது சேர்ந்து பயன்படுத்துகிறார்களா?

காரணத்தோடுதான் கேட்கிறேன். எங்கள் வீட்டிலும் இது நடந்தது. காலையில் தொடர் போட்ட அம்மா, டிவியில் யாரோ பேசுகிறார்கள் என்று பதறிப்போய் எனக்கு போன் செய்தார். நானும் அப்போது விவரம் தெரியாமல் அதை இதை அழுத்தி ஒருவழியாக நிறுத்தினேன். மறுநாள் ராத்திரி, எங்களோடு ஒரு வாரம் தங்க வந்திருந்த சித்தப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஏம்ப்பா, நேத்து வரைக்கும் நல்லா கதை சொல்லிட்டு இருந்துதே, இன்னிக்கு ஏன் பேசமாட்டேங்குது?’ என்று கேட்டார். கண் அழுத்த நோயில் அவருக்குப் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. ரயில்வேயில் வேலை பார்த்தவர், ஆங்கிலம் நன்றாக வரும். அவருடைய பெண் அந்த வசதியைப் பழக்கிவிட்டிருக்கிறாள். அதுவரை எனக்கு அது தெரியாது. அவர் படத்தை வெறுமனே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி அவரோடு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு அத்தியாயம் முழுக்கக் கேட்டேன். நீங்களும் ஒருநாள் செய்து பாருங்கள். வசனம் இல்லாத ஒரு துரத்தல் காட்சி கண் தெரியாதவருக்கு வெறும் மூச்சிரைப்பும் காலடிச் சத்தமும்தான். அந்தக் குரல் இருந்தால்தான் யார் ஓடுகிறார், யார் துரத்துகிறார், கையில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது. அந்த வாக்கியங்களை எழுதுவது கடினமான வேலை. இரண்டு வசனங்களுக்கு நடுவில் கிடைக்கும் மூன்று நொடிக்குள் சொல்ல வேண்டும். கண்ணில் படுவதைச் சொல்லலாம். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று நீட்டி விளக்கக் கூடாது. ‘கோபமாக இருக்கிறாள்’ என்பதைவிட ‘பல்லைக் கடிக்கிறாள்’ என்பது நல்ல விவரிப்பு. பார்க்கிறவருக்கு எந்த நொடியில் ஒன்று தெரியவருகிறதோ, அதற்கு முன்னால் கேட்கிறவருக்கும் தெரிந்துவிடக் கூடாது.

இது ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் தாமாகக் கண்டுபிடித்த புதுமையும் அல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரின் அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கில் 1981-இலேயே, பார்வையற்ற பார்வையாளர்களுக்குக் காதொலிக் கருவி கொடுத்து மேடையில் நடப்பதை விவரித்திருக்கிறார்கள். அதைத் தொடங்கி வைத்தவர் மார்கரெட் ஃபான்ஸ்டீல், அவரும் பார்வை இழந்தவர். 1990-இல் பாஸ்டனின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூஜிபிஎச் இதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது 2015 ஏப்ரலில். பார்வையற்ற வழக்கறிஞர் நாயகனாக வரும் டேர்டெவில் தொடரை, பார்வையற்றவர்கள் பின்தொடர வழியில்லாமல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பிருந்தே இந்த வசதிக்காகக் குரல் கொடுத்துவந்தவர்களின் கோரிக்கை பலித்து, சில நாட்களிலேயே அந்தத் தொடருக்கு விவரிப்புத் தடம் சேர்ந்தது. இன்று உங்கள் அம்மா வீட்டில் கேட்கும் குரல் அப்படிக் கேட்டு வாங்கிய ஒன்று.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு, சைகை மொழி, எழுத்துரை மூன்றும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 42-ஆவது பிரிவில் சொல்கிறது. 2023 ஜனவரியில் பதான் படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு விவரிப்பும் சப்டைட்டிலும் தயாரிக்கும்படி டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. 2024 மார்ச்சில் தியேட்டர்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றிய அரசு வெளியிட்டது. ஆனால் தமிழ்க் குரலில் விவரிப்பு உள்ள படங்கள் இன்னும் குறைவு. ஆங்கிலம் தெரிந்ததால் சித்தப்பா தப்பித்தார். தெரியாதவர்கள் எத்தனை பேர் வெறும் பின்னணி இசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. இதை எழுதும் வேலைக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் தேவை.

அதனால் உங்கள் வீட்டிலும் அந்தக் குரல் யாருக்காவது தேவைப்பட்டு இயக்கப்பட்டதா என்று விசாரித்துவிட்டு அணையுங்கள். அப்படி ஒருவர் இருந்தால், ஒரே புரொஃபைலில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அல்லாட வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் ஐந்து புரொஃபைல் வரை வைத்துக்கொள்ளலாம். அவர் பெயரில் ஒன்று புதிதாகத் தொடங்குங்கள். அதில் ஒரு தொடரைப் போட்டு ஆடியோ டிஸ்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுத்து, இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். அம்மாவின் புரொஃபைலில் சாதாரண ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் ஆக்சஸிபிலிட்டி அமைப்பில் ஆடியோ டிஸ்கிரிப்ஷனை ‘ஆஃப்’ ஆகவே வையுங்கள், அது ‘ஆன்’ ஆக இருந்தால் எல்லாப் புரொஃபைலுக்கும் குரல் வந்துவிடலாம். டிவியின் மெனுவையும் அவரே தனியாக இயக்க விரும்பினால், மேலே சொன்ன திரைவாசிப்பான் குறுக்குவழியை அவருக்குக் கற்றுக்கொடுங்கள். பார்க்க ஆரம்பிக்கும்போது அவர் இயக்கிக்கொள்ளட்டும், முடித்ததும் அணைத்துவிடட்டும். எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்கு இப்படித் தனி புரொஃபைல் வைத்திருக்கிறோம்.

யாருக்கும் தேவைப்படவில்லை, தற்செயலாகத்தான் வந்தது என்றால் நேராக அந்த ஆடியோ பட்டியலுக்குப் போய் மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் வந்தால், டிவியின் பெயர், மாடல், குரல் மெனுவில் வருகிறதா படத்தில் வருகிறதா என்ற மூன்றையும் எழுதுங்கள். எந்த அமைப்பில் தேட வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.